வெள்ளோட்டம் விட்டாயிற்று, விமானம் எங்கே? போயிங் 777-9, ஏர்பஸ் ஏ350-1000 ஓர் அலசல்

வில்லியனூரிலோ திருப்பாதிரிப்புலியூரிலோ புதுத் தேரை வெள்ளோட்டம் விட்டால் அடுத்த உற்சவத்துக்குச் சாமி ஏறிவிடும். பயணிகள் விமானத்தில் அந்தக் கணக்கு செல்லாது. போயிங் 777-9 முதன்முதலாகப் பறந்தது 2020 ஜனவரி 25. முதல் விமானத்தை வாடிக்கையாளரிடம் ஒப்படைப்பது 2027-இல்தான் என்று 2025 அக்டோபரில் போயிங் அறிவித்தது. அந்த ஒரு தாமதத்துக்காகக் கணக்கில் எழுதிய நஷ்டம் மட்டும் 490 கோடி டாலர். இதற்கு நேர்ப் போட்டியான ஏர்பஸ் ஏ350-1000 பறந்தது 2016 நவம்பர் 24, கத்தார் ஏர்வேஸ் கைக்குப் போனது 2018 பிப்ரவரி 20. அங்கே 15 மாதம், இங்கே ஏழு வருஷம். புதுச்சேரி, கடலூர், பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து சென்னை வழியாக வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்வருகிறவர்கள் வருங்காலத்தில் ஏறப்போவது இந்த இரண்டில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் இந்த இடைவெளி எப்படி வந்தது என்று பார்ப்பது அவசியம்.

வெள்ளோட்டத்துக்கு முன்பே 777-9 தரையில் நின்றதற்கு முதல் காரணம் இன்ஜின். ஜிஇ9எக்ஸ் இன்ஜினின் முன்விசிறி மட்டும் 3.4 மீட்டர் குறுக்களவு. உள்ளே காற்றை அழுத்தும் உயர் அழுத்தக் கம்ப்ரெசரில், சுழலாமல் நின்று காற்றைத் திருப்பிவிடும் தகடுகள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தேய்ந்தன. 2018-லேயே ஒரு 747-இல் மாட்டிப் பறக்கவிட்டுப் பார்த்த இன்ஜின்தான் இது. ஆனால் தேய்மானம் சில மணி நேரப் பறப்பில் முகம் காட்டாது, திரும்பத் திரும்ப ஓட்டினால்தான் தெரியும். அந்தப் பாகத்தை மறுபடி வடிவமைத்து மாற்றுவதற்குள் 2019 முடிந்துவிட்டது. பிறகு ஜனவரி 23, 24 இரண்டு நாளும் காற்று ஒத்துழைக்கவில்லை. 25-ஆம் தேதி போயிங் தொழிற்சாலை உள்ள எவரெட்டில் கிளம்பி 3 மணி 51 நிமிடம் பறந்து சியாட்டிலில் இறங்கியது.

இதற்கிடையே 2019 செப்டம்பரில் தரைச் சோதனையில் ஓர் உடற்பகுதி கிழிந்தது. சேவையில் வரக்கூடிய அதிகபட்சப் பாரத்தைப் போல் ஒன்றரை மடங்கை விமானம் மூன்று விநாடி தாங்க வேண்டும் என்பது விதி. இறக்கையை மேலே வளைத்துக்கொண்டே போனபோது அந்த இலக்கில் 99 சதவீதம் வரை தாங்கியது, அதன்பின் உடல் விட்டுக்கொடுத்தது. கட்டமைப்பைப் பொறுத்தவரை இது பெரிய தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனால் போயிங்கின் இன்னொரு விமானமான 737 மேக்ஸின் விபத்துகளுக்குப் பிறகு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ எதையும் எளிதில் ஒப்புக்கொள்ளும் மனநிலையில் இல்லை. அப்படி இருந்ததுதான் சரி.

பெரும்பாலான செய்திகள் கோட்டைவிடும் விஷயம் ஒன்று உண்டு. முதல் பறப்புக்குப் பிறகு நிறுவனம் தன் விருப்பப்படி எத்தனை ஆயிரம் மணி நேரம் ஓட்டினாலும் பயணிகளை ஏற்ற எஃப்ஏஏ தர வேண்டிய சான்றிதழின் கணக்கில் அது நேரடியாகச் சேராது. வடிவமைப்பு உறுதியாகிவிட்டது என்று நம்பி, ‘இனி எங்கள் ஆட்களும் ஏறுவார்கள்’ என்று எஃப்ஏஏ கட்டம் கட்டமாக அனுமதி தர வேண்டும். 777-9-க்கு அதன் முதல் கட்டம் கிடைத்ததே 2024 ஜூலையில்தான். வெள்ளோட்டத்துக்கும் அதற்கும் நடுவில் நாலரை வருஷம் போயிற்று. 2020 டிசம்பரில் ஒரு சோதனையின்போது விமானி சொல்லாமலே மூக்கு ஏறி இறங்கிய சம்பவம் இதற்கு ஒரு காரணம். அதைத் தீர்க்காமல் அடுத்த கட்டம் இல்லை என்று எஃப்ஏஏ கடிதமே எழுதியது.

அனுமதி கிடைத்த அடுத்த மாதமே இன்னொரு அடி. இன்ஜினின் உந்துவிசையை இறக்கைக்குக் கடத்தும் டைட்டானியம் தண்டுகள் ஒவ்வொரு இன்ஜினுக்கும் இரண்டு உண்டு. ஹவாய் போய்வந்த சோதனை விமானத்தில் அதில் ஒன்று முழுதாக முறிந்திருந்தது. மற்ற சோதனை விமானங்களிலும் விரிசல். ஒன்று போனால் இன்னொன்று தாங்கும்படிதான் வடிவமைப்பு, அதனால் யாருக்கும் ஆபத்து நேரவில்லை. ஆனாலும் 2025 ஜனவரி வரை பறப்புகள் நின்றன.

ஏ350-1000-க்கு மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம்? ஏர்பஸ்ஸின் கெட்டிக்காரத்தனம் பாதி, சூழ்நிலை பாதி. சிறிய தம்பியான ஏ350-900 2014 செப்டம்பரிலேயே சான்றிதழ் வாங்கிவிட்டது. அதன் கணினிகள், மின் அமைப்புகள் பெரும்பாலும் அப்படியே வந்தன. உடலை நீட்டி, இறக்கையின் பின்விளிம்பைத் திருத்தி, ஒவ்வொரு பிரதானக் காலிலும் நாலு சக்கரத்துக்குப் பதில் ஆறு சக்கரம் போட்டார்கள். இன்ஜினை ஓராண்டு முன்பே ஏ380-இல் மாட்டிப் பார்த்தாயிற்று. 777-9-ஓ பழைய பெயரில் வந்த புது விமானம்: புதிய கார்பன் இறக்கை, புதிய இன்ஜின், மடியும் சிறகு நுனி.

அந்த மடிப்பு தேவைப்பட்டதற்குக் காரணம் 65 மீட்டர் என்ற எண். 777 நிற்கும் விமான நிலைய வாயில்களின் அகல வரம்பு அது. இறக்கை விரிந்தால் 71.75 மீட்டர், இரு பக்கமும் சுமார் 3.5 மீட்டர் மேல்நோக்கி மடிந்தால் 64.85. நுனி சரியாகப் பூட்டாமல் விமானம் கிளம்பவே முடியாதபடி தடுப்பு வேண்டும் என்று 2018-இல் எஃப்ஏஏ தனி நிபந்தனை போட்டது. ஏ350-1000 மடிக்காமலே 64.75 மீட்டர்தான். பராமரிப்புக்குச் சுமை குறைவு.

ஏர்பஸ் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. ஏ350-1000-இன் ட்ரெண்ட் எக்ஸ்டபிள்யூபி-97 இன்ஜின், வளைகுடாவின் வெயிலிலும் மணலிலும் நெடுநாள் தாங்காமல் அடிக்கடி பராமரிப்புக்கு இறங்குகிறது என்று எமிரேட்ஸ் தலைவர் டிம் கிளார்க் 2023-இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த நிறுவனம் ஏ350-900-ஐ வாங்கியதே தவிர, 1000-ஐ வாங்கவில்லை. 777-9-க்கு அதிகமாக ஆர்டர் கொடுத்திருப்பதும் அவர்கள்தான். ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் இரண்டையும் கேட்டது, 777-9 வெறும் 10. இன்றைய நிலையில் எங்கள் ஓட்டு ஏ350-1000-க்கே. கையில் இருப்பதும் சேவையில் எட்டு வருஷத்துக்கு மேல் நிரூபித்ததும் அதுதான். பாலைவனத் தளத்திலிருந்து ஓயாமல் ஓட்டுகிற நிறுவனத்துக்கு மட்டும் 777-9-க்குக் காத்திருப்பதில் நியாயம் இருக்கிறது.

புதுச்சேரி விமான நிலையம் உள்ள லாஸ்பேட்டையில் இரண்டும் இறங்காது. அங்குள்ள ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர், 2024 டிசம்பர் முதல் இண்டிகோவின் சிறிய ஏடிஆர் 72 விமானம் வருவதே அதற்கு ஏற்ற அளவு. ஆகவே நமக்கு மீனம்பாக்கம்தான். டிக்கெட் எடுக்கும்போது விமான வகைக் குறியீட்டைப் பாருங்கள்: 351 என்றால் ஏ350-1000, 779 என்றால் 777-9, 77டபிள்யூ என்றால் இப்போது ஓடும் 777-300இஆர். ஏ350-இல் சிக்கன வகுப்பு பெரும்பாலும் 3-3-3, இருக்கை அகலம் ஏறக்குறைய 18 அங்குலம். 777-300இஆரில் 3-4-3 வரிசை போட்டால் 17-தான். 777-9-இல் சுவரை மெலித்து உள்ளகலத்தை 10 சென்டிமீட்டர் கூட்டியிருக்கிறார்கள், ஆனாலும் வரிசைக்குப் பத்துப் பேர்தான். நாலு பேர் குடும்பமாகப் போனால் 777-இன் நடு நாலு இருக்கைகளைப் பிடியுங்கள். தனியாகப் போகிற உயரமானவர் ஏ350-இல் நடைவழி இருக்கையைக் கேட்டு வாங்கட்டும்.