ஒரே மாடி, நான்கு வாசல்கள்: முன்பதிவு நாட்காட்டிகளை எதைக் கொண்டு இணைப்பது?

காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீட்டின் மாடியைச் சில ஆண்டுகளாக நாள் வாடகைக்கு விட்டு வருகிறோம். மாடி ஏர்பிஎன்பி, புக்கிங்.காம் ஆகிய இணைய முன்பதிவுத் தளங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை நாங்கள் வெளியூர் போகும்போது கீழ்த்தளமும் மாடியும் சேர்ந்த முழு வீட்டையும் ஹோம்எக்ஸ்சேஞ்ச் என்ற வீட்டு மாற்றுத் தளம் வழியாக இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் அவர்கள் வீட்டில் நாங்கள் தங்குகிறோம். நான்காவது வாசல் எந்தத் தளத்திலும் இல்லை. காட்பாடி ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டும் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "சார், ஒரு ஃபேமிலி இருக்காங்க, ரெண்டு நாளைக்கு மேல காலியா?" என்று கேட்பதுதான் அது. இந்த நான்கும் ஒரே அறைக்கு ஆள் கொண்டு வருவதால், எந்தத் தேதி காலி, எது நிரம்பியது என்பதை எல்லா இடத்திலும் ஒன்றாக வைத்திருப்பது எப்படி என்பதே கேள்வி. அதற்கு நான் பயன்படுத்திப் பார்த்தவையும், உறவினர் ஒருவர் பயன்படுத்துவதை அருகிலிருந்து பார்த்ததுமாக நான்கு வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

வேலூரின் தன்மையை முதலில் சொல்லியாக வேண்டும். சுற்றுலா ஊர்களில் விருந்தினர் வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார். இங்கே வருகிறவர்களில் பெரும் பகுதியினர், 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணியிலிருந்து வளர்ந்த சிஎம்சி மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்கள். ஐந்து நாள் என்று பதிவு செய்தவரிடம் மருத்துவர் 'வியாழக்கிழமை மறுபடி வாங்க' என்று சொல்லிவிட்டால் ஐந்து நாள் ஒன்பதாகிறது. அந்த நீட்டிப்பு பெரும்பாலும் தளத்தில் நடப்பதில்லை. மாடிப்படியில் நின்று பேசி முடிவாகிறது. விஐடியில் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோரும், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போகிற வழியில் ஸ்ரீபுரம் பொற்கோவிலையும் பார்த்துவிட நினைப்பவர்களும் குறிப்பிட்ட சில தேதிகளையே எல்லாத் தளங்களிலும் ஒரே நேரத்தில் தேடுகிறார்கள். இரட்டைப் பதிவு விழுவதும் அந்தத் தேதிகளில்தான்.

முதல் வழி கைக்கணக்கு. சுவரில் மாட்டிய மாதக் காலண்டரில் குறித்துவிட்டு, ஒரு தளத்தில் பதிவு வந்ததும் மற்றவற்றில் நாமே அடைப்பது. செலவு இல்லை; தூக்கம்தான் இல்லை. இரவு பதினொன்றரைக்கு வரும் பதிவைக் காலை ஆறு மணிக்குப் பார்க்கிறவருக்கு இது ஆகாது. ஒரே ஒரு தளத்தில் மட்டும் இருப்பவருக்குப் போதும்.

இரண்டாவது வழியே பெரும்பாலோர் பயன்படுத்தும் ஐகேல் இணைப்பு. 1998-இல் இணையத் தர நிர்ணயமாக வெளியாகி 2009-இல் திருத்தப்பட்ட ஒரு நாட்காட்டிக் கோப்பு வடிவம் இதற்கு அடிப்படை. ஒவ்வொரு தளமும் உங்கள் வீட்டுக்கென ஒரு ஐசிஎஸ் முகவரியை, அதாவது அந்தக் கோப்பு இருக்கும் இணைய முகவரியை, தரும். அதை எடுத்து அடுத்த தளத்தின் இறக்குமதிப் பெட்டியில் ஒட்ட வேண்டும். இதில் பலரும் கவனிக்கத் தவறுவது, பதிவு வந்த தளம் மற்றவற்றுக்குச் செய்தி அனுப்புவதில்லை என்பதுதான். மற்ற தளங்கள் தமக்குத் தோன்றிய நேரத்தில் வந்து கோப்பை எடுத்துப் போகின்றன, அந்த இடைவெளி சில மணி நேரம். பௌர்ணமிக்கு முந்தைய வாரத்தில் அந்தச் சில மணி நேரம் மிக நீளமானது. கோப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே அதிகம் இருக்காது: தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, ஏர்பிஎன்பியிலிருந்து வந்தது என்றால் 'ரிசர்வ்டு' என்ற சொல், புக்கிங்.காமிலிருந்து வந்தது என்றால் 'க்ளோஸ்டு, நாட் அவைலபிள்' என்ற சொற்கள். வாடகை, குறைந்தபட்ச இரவுகள், விருந்தினர் எந்த நாட்டவர் என்பதெல்லாம் அதில் வராது. ஆகவே வங்கதேசக் குடும்பம் வந்தால் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை (சி படிவம் என்று அறியப்படுவது) நிரப்ப வேண்டியதை எந்த ஐகேல் இணைப்பும் நமக்கு நினைவூட்டாது.

தளங்கள் கூடக்கூட ஒட்ட வேண்டிய முகவரிகளும் பெருகுகின்றன. இரண்டு தளங்களுக்கு 2, மூன்றுக்கு 6, நான்குக்கு 12. இதில் எதிரொலிச் சிக்கலும் உண்டு: ஒரு தளம் வெளியிலிருந்து இறக்கிய அடைப்புகளையும் தன் கோப்பில் சேர்த்துத் திருப்பி அனுப்புமானால், மூலப் பதிவு ரத்தான பிறகும் இரு தளங்களும் ஒன்றையொன்று காட்டி அந்தத் தேதியைப் பூட்டியே வைத்திருக்கும். யாரும் பதிவு செய்யாத ஒரு வாரம் நிரம்பியதாகத் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம்.

மூன்றாவது வழி, கூகுள் நாட்காட்டியை நடுவில் வைப்பது. எல்லாத் தளங்களின் முகவரிகளையும் அதில் கொட்டிவிட்டால் அதுவே எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோப்பாகத் திருப்பித் தரும் என்று நானும் நம்பித்தான் தொடங்கினேன். அது அப்படிச் செய்வதில்லை. வெளியிலிருந்து சேர்த்த ஒவ்வொரு நாட்காட்டியும் பார்வைக்கு மட்டும் தனித்தனியே நிற்கிறது. புதுப்பிப்பு அரை நாள் வரை தாமதமாவதும் உண்டு. நாமே உருவாக்கிய நாட்காட்டிக்குத்தான் மற்ற தளங்களில் ஒட்டக்கூடிய ரகசிய முகவரி கிடைக்கிறது. எனவே கூகுளின் உண்மையான பயன் நான்காவது வாசலுக்குத்தான்: ஆட்டோக்காரர் கொண்டு வந்த குடும்பத்தையும், மாடிப்படியில் பேசிய நீட்டிப்பையும் அதில் எழுதி, அந்த ஒரு முகவரியை எல்லாத் தளங்களிலும் ஒட்டிவிடுவது. முகவரி கையில் இருக்கும் எவரும் உள்ளே எழுதியிருப்பதைப் படிக்க முடியும் என்பதால் நோயாளியின் பெயரையும் நோயையும் அதில் எழுதக் கூடாது. 'பதிவு' என்று எழுதினால் போதும்.

இங்கேதான் நான் சறுக்கினேன். ஒரு குடும்பம் 12-ஆம் தேதி வந்து 14-ஆம் தேதி காலை கிளம்புவதாகச் சொன்னது. கூகுளில் முழுநாள் நிகழ்வாக 12 முதல் 14 வரை என்று எழுதினேன். திரையில் காட்டப்படும் முடிவுத் தேதி அன்றைய நாளையும் உள்ளடக்கியது. கோப்புக்குள் அது 15 என்று பதிவாகிறது. ஐகேல் வடிவத்தில் முடிவுத் தேதி கணக்கில் சேராது என்பதால் தளங்களுக்குப் போய்ச் சேர்ந்த பொருள், 14-ஆம் தேதி இரவும் அறை இல்லை என்பது. அந்த மாதம் மட்டும் மூன்று இரவுகள் வீணாகக் கிடந்தன. பிறகு 'ஒரு நாள் குறைத்து எழுது' என்று எனக்கே விதி வகுத்துக்கொண்டு, அதே விதியை, முடிவுத் தேதியைக் கிளம்பும் நாளாகவே எடுத்துக்கொள்ளும் தளம் ஒன்றின் சொந்தத் திரையிலும் கடைப்பிடித்தபோது நேர்மாறானது நடந்தது: ஒரே இரவுக்கு இரண்டு குடும்பங்கள் பெட்டிகளோடு வாசலில் நின்றன. ஒரு குடும்பத்தைச் சத்துவாச்சாரியில் தெரிந்தவர் விடுதிக்கு அனுப்பி, வித்தியாசத்தை நான் கொடுத்தேன்.

பணக் கணக்கில் இதைச் சிறியது என்று சொல்ல முடியாது. உறுதியான பதிவை வீட்டுக்காரரே ரத்து செய்தால், வருகைக்கு 48 மணி நேரத்துக்குள் என்றால் பதிவுத் தொகையில் 50 சதவீதமும், 30 நாளுக்குள் என்றால் 25 சதவீதமும், அதற்கும் முன்னதாக என்றால் 10 சதவீதமும் ஏர்பிஎன்பி பிடித்துக்கொள்கிறது. புக்கிங்.காமில் பதிவுகள் பெரும்பாலும் உடனடியாக உறுதியாகிவிடுவதால் யோசிக்க நேரமே இல்லை. ஏர்பிஎன்பியிலோ, கேட்டு ஒப்புக்கொள்ளும் முறையைத் தேர்ந்தெடுத்தால் 24 மணி நேர அவகாசம் கிடைக்கும். ஐகேல் தாமதத்தை ஈடுகட்ட நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். தேடலில் சற்றுப் பின்னால் போனாலும் பரவாயில்லை.

நான்காவது வழியான சேனல் மேனேஜர் மென்பொருள்களில் ஹோஸ்டவே, கெஸ்டி, லாட்ஜிஃபை, ஸ்மூபு போன்றவை அடங்கும். இவை கோப்பை எடுத்துப் போகும் முறையில் இயங்குவதில்லை. பெரிய தளங்களோடு நேரடியாகப் பேசுகின்றன, பதிவு விழுந்த சில நொடிகளிலோ நிமிடங்களிலோ மற்ற இடங்களில் அடைத்துவிடுகின்றன, வாடகையையும் விருந்தினர் விவரத்தையும் சேர்த்தே கொண்டு வருகின்றன. ஏலகிரியில் ஐந்து குடில்கள் நடத்தும் என் மைத்துனருக்கு இது சரியான முடிவு. ஒற்றை மாடிக்கு மாதாமாதம் சந்தா கட்டுவது, ஒரு மாட்டுக்காகப் பால் பண்ணை வைப்பது போலத்தான்.

வீட்டு மாற்றுத் தளத்தை மட்டும் நான் இந்த வலைக்கு வெளியே வைத்திருக்கிறேன். அங்கே பதிவு என்பது பல வாரக் கடிதப் போக்குவரத்து. இரு தரப்பும் இறுதியாக உறுதி செய்யும்வரை எதுவும் முடிவாகாது. ஆனால் பேச்சு தொடங்கிய அன்றே அந்த வாரங்கள் வாடகைத் தளங்களில் விலைக்குக் கிடந்தால், அவர்கள் 'சரி' என்று எழுதும் நாளில் மாடியில் வேறொருவர் இருப்பார். அதனால் பேச்சு தொடங்கியதுமே அந்தத் தேதிகளைக் கூகுளில் 'தற்காலிகம்' என்று எழுதி அடைத்துவிடுகிறேன், முறிந்தால் அழித்துவிடலாம். முழு வீடும் மாடியும் ஏர்பிஎன்பியில் தனித்தனிப் பட்டியல்களாக இருந்தால், ஒன்றில் விழும் பதிவு மற்றதையும் அடைக்கும்படி நாட்காட்டிகளை இணைக்கும் வசதி அங்கேயே இருக்கிறது.

எந்த வழியை எடுத்தாலும் முதல் வாரத்தில் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஆறு மாதம் தள்ளி யாரும் கேட்காத ஒரு செவ்வாய்க்கிழமையை ஒரு தளத்தில் அடைத்து, மற்றவற்றில் அது எப்போது அடைகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதைத் திறந்து, எல்லா இடத்திலும் திறக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் வீட்டில் அடைப்பதற்கு ஆனதை விடத் திறப்பதற்கு ஆன நேரமே அதிகம்.