காரைக்குடியில் போட்டுக்கொண்ட போடாக்ஸ் ஊசி

பள்ளத்தூரில் நடந்த எங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு, புருவங்களுக்கிடையே விழுந்திருந்த கோடுகளுக்காக, தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொள்ளக் காரைக்குடியில் உள்ள ஒரு தோல் மருத்துவமனைக்குச் சென்றேன். முதலில் அணுகிய அழகு நிலையத்தார், லேபிள் இல்லாத புட்டியைக் காட்டி, வீட்டுக்கே வந்து போட்டுவிடுவதாகச் சொன்னதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இந்த மருத்துவமனையிலோ, தசைப் பலவீன நோய் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா என்றெல்லாம் மருத்துவரே கேட்டறிந்த பிறகுதான் ஊசியைத் தொட்டார். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த புட்டியின் முத்திரையை என் கண்ணெதிரே உடைத்து, காலாவதித் தேதியை வாசித்துக் காட்டி, ஐந்து இடங்களில் மொத்தம் 20 யூனிட் போட்டார். எறும்பு கடித்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். நான்காம் நாள் கோடுகள் தளரத் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரிந்தது. மூன்று நான்கு மாதங்களில் இது மங்கிவிடும் என்பதையும் முன்பே சொல்லியிருந்தார்.

மூக்கோர மடிப்புகளுக்கு ஃபில்லர் (பள்ளத்தை நிரப்பத் தோலுக்கடியில் ஊசியால் செலுத்தும் ஜெல்) கேட்டபோது, அது தவறி ரத்தக் குழாயில் புகுந்தால் தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையே போகலாம் என்று ஒளிக்காமல் விளக்கி, ஹயலூரானிக் அமில ஃபில்லரைக் கரைக்கும் ஹயலூரானிடேஸ் மருந்து அலமாரியில் தயாராக இருப்பதையும் காட்டினார். அந்த மருந்தை வைத்திராத இடத்தில் ஃபில்லர் போட்டுக்கொள்ளவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒரே குறை, ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. என்னுடன் வந்த ஆச்சிக்கு வரிவரியாக நான்தான் படித்துச் சொன்னேன்.