நியூயார்க்கில் இறங்கி நியூயார்க்கிலேயே ஏறலாம் என்று டிக்கெட் விற்கிறார்கள், பெற்றோரை அனுப்புகிறவர்கள் கவனம்

அமெரிக்காவில் சார்லட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அப்பா அம்மாவை அனுப்ப மதுரையில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போட்டோம். டெல்லியிலிருந்து நியூயார்க், மூன்றரை மணி நேர இடைவெளி, அப்புறம் நியூயார்க்கிலிருந்து சார்லட் என்று அவர்களே டைப் அடித்த தாளை வாட்ஸாப்பில் அனுப்பினார்கள். அதில் ஊர்ப் பெயர் மட்டும்தான், எந்த ஏர்போர்ட் என்று எங்கேயும் இல்லை. ஏர்போர்ட் மாற வேண்டியிருக்குமா என்று நேரிலேயே கேட்டேன். "ரெண்டும் நியூயார்க்தாண்ணே, இறங்கி அடுத்ததுல ஏறிக்கிரலாம்" என்றார் கவுண்டரில் இருந்த தம்பி.

முழுப் பணமும் கட்டி, கிளம்புவதற்கு முந்தின ராத்திரி கைக்கு வந்த டிக்கெட்டில் இறங்குவது நியூவர்க் ஏர்போர்ட், ஏறுவது ஜே.எஃப்.கே. ஏர்போர்ட். போன் போட்டால், பக்கம்தான், டாக்ஸியில் அரை மணி நேரம் என்கிறார்கள்.

பக்கமே இல்லை. நியூவர்க் இருப்பது நியூ ஜெர்சி மாநிலத்தில், ஜே.எஃப்.கே. இருப்பது நியூயார்க்கின் கிழக்கே குவீன்ஸில். சாலையில் 50 கிலோமீட்டர் போல வரும், நம்ம ஊரிலிருந்து விருதுநகர் போகிற தூரம், ஆனால் நாற்கரச் சாலையில் விரட்டிக்கொண்டு போக முடியாது, ஒன்று மன்ஹாட்டன் நெரிசலுக்குள் சுரங்கமும் பாலமும் தாண்ட வேண்டும், இல்லையென்றால் ஸ்டேட்டன் தீவு, வெரசானோ பாலம், புரூக்ளின் என்று சுற்ற வேண்டும். கூட்டமில்லாத நேரத்திலேயே ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம்கூட ஆகும். ரயிலில் போகலாம்தான், ஆனால் பெரிய பெட்டிகளோடு வயதானவர்கள் அத்தனை இடத்தில் ஏறி இறங்கி மாற முடியுமா? இதற்கெல்லாம் முன்னால், அமெரிக்காவில் முதலில் இறங்கும் இடத்திலேயே இமிக்ரேஷன் முடித்து பெட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அடுத்த விமானத்துக்குப் பெட்டி வாங்குவதையோ கிளம்ப முக்கால் மணி நேரம் இருக்கும்போதே நிறுத்திவிடுவார்கள். மூன்றரை மணி நேரத்தில் என்ன மிச்சம் இருக்கும்?

அவர்கள் ஜே.எஃப்.கே. போய்ச் சேர்ந்தபோது கவுண்டர் மூடியாச்சு. இரண்டு டிக்கெட்டும் தனித்தனி பி.என்.ஆர். (முன்பதிவு எண்) என்பதால், நீங்கள் வரவில்லை, டிக்கெட் முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். ஒரே பி.என்.ஆராக இருந்திருந்தால் அடுத்ததில் ஏற்றிவிடக் கேட்டிருக்கலாம். சர்க்கரை உள்ள அப்பாவும் முழங்கால் வலியோடு அம்மாவும் விடிய விடிய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்கள், நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. காலையில் தங்கைதான் புது டிக்கெட் போட்டாள்.

நியூயார்க் ஊருக்கான என்.ஒய்.சி. (NYC) என்ற குறியீட்டைப் போட்டுத் தேடினால் நியூவர்க், ஜே.எஃப்.கே., லாகார்டியா மூன்றும் சேர்ந்தே வரும். தினமும் டிக்கெட் போடுகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. லண்டனில் ஹீத்ரோவும் கேட்விக்கும் 60 கிலோமீட்டருக்கு மேல், டோக்கியோவில் நரிட்டாவும் ஹனேடாவும் 70-க்கு மேல். அந்த மாதிரி இடங்களில் வெளியே வந்து மாற வேண்டுமென்றால் விசாவும் கேட்கலாம். அதனால் ஊர்ப் பெயர் மட்டும் போட்ட தாளை நம்பிப் பணம் கட்டாதீர்கள். இறங்கும் ஏர்போர்ட்டின் மூன்றெழுத்துக் குறியீடும் ஏறும் ஏர்போர்ட்டின் மூன்றெழுத்துக் குறியீடும் ஒன்றுதானா, இரண்டும் ஒரே பி.என்.ஆரா என்று எழுத்தில் வாங்குங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "டிக்கெட்டுலதான் போட்டிருக்குல்ல" என்கிறார்கள். அந்த வாட்ஸாப் தாளையும் ரசீதையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனுவும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.