கருகியது வெயிலால் அல்ல: மாடித்தோட்டம் அமைக்க ஆள் தேடுபவர்கள் கவனத்துக்கு

2024 கோடையை ஈரோட்டுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கத்திரி பிறப்பதற்கு முன்பே, ஏப்ரல் கடைசியிலேயே வெயில் 108, 109 என்று ஏறி, மே முதல் வாரத்தில் 110 டிகிரியை ஒட்டி நின்றது. அந்த வெயிலைச் சொல்லித்தான் என்னை மூன்று வாரம் ஏமாற்றினார்கள். நானும் நம்பினேன். இதில் எனக்குக் கோபம் பாதி, வெட்கம் பாதி.

மாசிப்பட்டத்தில் காய்கறி போடலாம் என்று பிப்ரவரியில் ஆசை வந்தது. மாடித்தோட்டம் அமைத்துத் தரும் நிறுவனம் ஒன்றைப் பிடித்தேன். நாற்பது பைகள், நிரப்புவதற்கு மண் கலவை, பச்சை நிழல்வலை, நாட்டுக் காய்கறி விதைகள், இரண்டு ஒட்டு மாங்கன்றுகள், எல்லாம் சேர்த்து 18,600 ரூபாய். முழுப் பணத்தையும் கைபேசியிலேயே முன்கூட்டி அனுப்பிவிட்டேன். ரசீதில் ‘மாடித்தோட்டப் பணி’ என்று ஒரே வரி. என்ன கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு சொல் இல்லை. அதை அன்றே கேட்டிருக்க வேண்டும்.

கலவை என்பது செம்மண் ஒரு பங்கு, தொழுவுரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு என்று பேச்சு. இரண்டே நாளில் வேலையை முடித்து, மாடி முழுவதையும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கத்தரியும் தக்காளியும் வெண்டையும் ஒரு சாண் வளர்ந்த பிறகு இலை ஓரங்கள் பழுப்பாகிச் சுருண்டன. அழைத்தேன். “இந்த வெயிலில் மனிதனே கருகிப்போகிறான், செடி எம்மாத்திரம் அக்கா? காலையும் மாலையும் தண்ணீர் விடுங்கள்” என்றார் அந்த நிறுவனத்துத் தம்பி. விட்டேன். இன்னும் கருகின. “வலையை இன்னும் தாழ்த்திக் கட்டுங்கள்” என்றார். கட்டினேன். அடுத்த முறை வளர்ச்சி ஊக்கி என்று ஒரு பாட்டிலை 450 ரூபாய்க்கு விற்றார். அதையும் வாங்கித் தொலைத்தேன். தக்காளிப் பூ கொட்டியதற்கு அவர் சொன்ன காரணம் மட்டும் உண்மை: அந்தச் சூட்டில் பூ நிற்காது. ஒரு உண்மையை முன்னால் நிறுத்தினால் மற்றதெல்லாம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பவானியிலிருந்து மாமனார் வந்தார். அறுபது வருடம் மண்ணில் நின்றவர். மாடிக்கு வந்து செடியைப் பார்க்காமல், படிக்கட்டுக் கூரை நிழலில் இருந்த நான்கு பைகளைப் பார்த்தார். வெயிலே படாத அந்தச் செடிகளும் அதேபோல் கருகியிருந்தன. பக்கத்திலேயே பழைய மண்தொட்டியில், மொட்டை வெயிலில் நிற்கும் என் கறிவேப்பிலை பச்சைப் பசேல் என்று இருந்தது. இது இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை!

“வெயில் பட்டால் நுனிக்கொழுந்து அல்லவா முதலில் துவளும், கண்ணு? இங்கே அடியிலை ஓரம்தானே கருகியிருக்கிறது” என்றார். பையைக் கிளறினார். மேலே நான்கு விரல் கனத்துக்குத்தான் செம்மண். அதற்குக் கீழே அடிவரை வெறும் நார்க்கழிவு. ஒரு பிடி எடுத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரை நாக்கு நுனியில் வைத்துத் துப்பினார். “உப்புக் கரிக்கிறது.”

தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு உப்புகள் உண்டு. நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி உப்பை இறக்கிய பிறகே அதில் செடி வைக்க வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் ஏற்றுமதிக்குப் போகும் நார்க்கழிவுக் கட்டிகளை அப்படித்தான் கழுவுகிறார்கள். கழுவாததன் விலை குறைவு. எனக்கு வந்தது கழுவாதது. கோடையில் நீர் ஆவியாக ஆவியாக உப்பு மட்டும் பையில் தங்கும். அதன்மேல் எங்கள் ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரைக் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் என்ன ஆகும்? பையின் அடித்துளைகளைச் சுற்றி வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

நாக்கை நம்பாதவர்கள், நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் கருவியை நம்பலாம். வடிகட்டிய குடிநீரில் (எங்கள் வீட்டில் 60 காட்டும்) ஒரு பிடி நார்க்கழிவை ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து அளந்தேன். 2,400 காட்டியது. நன்றாகக் கழுவியதாக இருந்தால் சில நூறுகளோடு நிற்கும். வண்டியிலிருந்து இறக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். ஆட்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

பிறகு மற்றதையும் சோதித்தேன். ஒட்டு மாங்கன்றில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் நாடாவை அவிழ்த்தால், உள்ளே ஒட்டுப் போட்ட தடமே இல்லை. தண்டின் தோலில் கத்தியால் ஒரு கீறல், அவ்வளவுதான். கொட்டைக் கன்றுக்குக் கட்டுப் போட்டு ஒட்டுக்கன்று விலை. உண்மையான ஒட்டில் இரண்டு தண்டுகள் சேர்ந்த இடம் புடைத்தோ, சாய்வான தழும்பாகவோ கண்ணுக்குத் தெரியும். விதைப் பைகளில் முளைப்புத்திறன், பரிசோதித்த நாள், காலாவதி நாள் எதுவும் இல்லை. பேனாவால் ‘நாட்டு’ என்று எழுதியிருந்தது. நிழல்வலை ஜூனில் நார் நாராகக் கிழிந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது மறுபடியும் வெயில் வந்தது. நிழலில் இருந்த செடிகளின் படத்தையும் அளவுக் கருவியின் படத்தையும் அனுப்பினேன். பதில் நின்றுபோனது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு, 4,000 ரூபாய் வந்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்பதை அறிந்தும் நான் போகவில்லை. ஒற்றை வரி ரசீதை வைத்துக்கொண்டு என்ன வாதாடுவது?

உப்பை இறக்க ஒவ்வொரு பைக்கும் மூன்று குடம் நல்ல தண்ணீராவது வேண்டும் என்றார் மாமனார். நாற்பது பைக்கு 120 குடம். குடிக்கவே லாரி பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. கருகியதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மே நடுவில் பெய்த கோடை மழைக்குப் பைகளைத் திறந்து வைத்தோம். அந்த நார்க்கழிவைப் பிறகு செம்மண்ணும் சாணி எருவும் கலந்து ஆடியில் வெண்டைக்குப் பயன்படுத்தினேன். காய்த்தது.

முதல்முறையாகத் தொடங்குபவர்கள் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளையை, அதாவது பை, விதை எல்லாம் அடங்கிய தொகுப்பை, விசாரித்துப் பாருங்கள். ஆறு பையோடு தொடங்கினால், கெட்டாலும் ஆறு பைதான் கெடும்.

அந்த நிறுவனம் இன்னும் நடக்கிறது. அவர்களுடைய விளம்பரத்தில் பசுமையான மாடி ஒன்றின் படம் வருகிறது. வலது ஓரத்தில் மூடி உடைந்த நீலத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தால், அது எங்கள் வீடு.