நின்றபடி 14 ஆண்டுகள்: பெங்களூரு தர்ஷினிகளில் என் அனுபவம்

2011ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து வேலைக்காகப் பெங்களூரு வந்தது முதல், வாரத்தில் நான்கு நாளாவது காலைச் சிற்றுண்டியைத் தர்ஷினிகளில்தான் உண்டு வருகிறேன். தர்ஷினி என்பது ஒரு நிறுவனத்தின் பெயர் அன்று. முதலில் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, அதைக் காட்டித் தட்டை நாமே பெற்றுக்கொண்டு, மார்புயர மேசை ஒன்றின் அருகில் நின்றபடி உண்டுவிட்டுப் புறப்படும் சைவ உணவகங்களுக்குப் பெங்களூருக்காரர்கள் வழங்கும் பொதுப்பெயர் அது. 1983இல் ஜெயநகரில் ஆர். பிரபாகர் தொடங்கிய கபே தர்ஷினியிலிருந்து அந்தப் பெயர் ஊரெங்கும் பரவியது. அதற்கு முன்பு சிற்றுண்டி என்றால் பெரும்பாலும் 1924இல் தொடங்கிய எம்.டி.ஆர்., 1943இல் தொடங்கிய வித்யார்த்தி பவன் போன்ற இடங்களில் உட்கார்ந்து, பரிமாறுபவர் வரும்வரை காத்திருந்து உண்பதுதான். அந்த இடங்கள் இன்றும் நன்றாக நடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வித்யார்த்தி பவனில், வேட்டி கட்டிய பரிமாறுபவர் தோசைத் தட்டுகளைக் கையில் அடுக்கிக்கொண்டு வருவதைப் பார்ப்பதற்காகவே விருந்தினரை அழைத்துச் சென்றிருக்கிறேன். ஆனால் ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டியவருக்கு அது நடைமுறைக்கு ஒத்துவராது.

இத்தனை ஆண்டுகளில் நான் கண்டுகொண்ட முதன்மையான உண்மை, தர்ஷினியின் சுவைக்குக் காரணம் அங்கே நாற்காலி இல்லாததுதான் என்பது. நிற்பவர் பத்து நிமிடத்தில் இடத்தை விட்டுவிடுகிறார்; அடுத்தவர் வருகிறார். மாவு பாத்திரத்தில் தங்குவதில்லை, கல் ஆறுவதில்லை, வடை எண்ணெயிலிருந்து நேராகத் தட்டுக்கு வருகிறது. வாடகை மிகுந்த தெருவில் முந்நூறு சதுர அடிக் கடை நியாயமான விலைக்கு உணவு கொடுக்க முடிவதும் அதனால்தான். எனவே எந்தக் கடை நல்ல கடை என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன். காலை ஏழரை முதல் ஒன்பதரை வரையிலும், மாலை ஐந்து முதல் ஏழு வரையிலும் பெரும்பாலான தர்ஷினிகளில் நம்பி உண்ணலாம். பதினொன்றரைக்குப் போனால், காலையில் புகழ்ந்த அதே கடையில் வெப்பப்பெட்டிக்குள் வியர்த்துப்போன இட்லியும் ஆறி இறுகிய வடையும்தான் கிடைக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலுக்கு மேல் தேங்காய்ச் சட்னியை முகர்ந்து பார்க்காமல் நான் தொடுவதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு முதலில் மனத்தாங்கல் உண்டாக்குவது சாம்பார். வெல்லம் சேர்த்த இனிப்பு, பட்டையின் மணம், நிறம் மிகுந்தும் காரம் குறைந்தும் இருக்கும் பேடகி மிளகாய் ஆகியவை சேர்ந்த அந்தச் சாம்பாரை, முதல் ஆறு மாதம் நான் வேண்டாவெறுப்பாகத்தான் உண்டேன். இங்கே இட்லிக்கு முதல் துணை சட்னியே என்பது சங்கரபுரத்தில் உள்ள பிராமின்ஸ் காபி பாருக்குச் சென்ற பிறகுதான் புரிந்தது. 1965 முதல் நடக்கும் அந்தக் கடையில் சாம்பாரே கிடையாது. இட்லி, வடை, காரா பாத் (ரவை உப்புமா), கேசரி பாத் (ரவா கேசரி), காபி, தேநீர், அவ்வளவுதான். சட்னியைக் கரண்டி கரண்டியாக, எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஊற்றுகிறார்கள். தளர்வாக அரைத்த அந்தச் சட்னியில் இட்லி ஊறும் விதத்தைப் பார்த்த பிறகு, மற்றக் கடைகளிலும் சாம்பாரைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்கிச் சட்னியோடு உண்ணத் தொடங்கினேன். சீட்டைக் கொடுக்கும்போதே ‘சாம்பார் பேரே’ (சாம்பார் தனியாக) என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வடையைச் சாம்பாரில் முக்கியே கொடுத்துவிடுவார்கள்.

தோசைக்கல்லின் அருகில் நிற்க இடம் கிடைத்தால் நான் அங்கேதான் நிற்பேன். கல்லின் மேல் தண்ணீரைத் தெளித்து, அது சீறி அடங்குவதற்குள் துடைப்பத்தால் வழித்துவிட்டு, பன்னிரண்டு தோசைகளுக்கான மாவை வரிசையாக ஊற்றி, ஒவ்வொன்றையும் கிண்ணத்தின் அடியால் வட்டமாக விரிக்கிறார் மாஸ்டர். ஓரம் சிவக்கத் தொடங்கியதும் வெண்ணெய், அதன் மேல் பூண்டும் மிளகாயும் அரைத்த சிவப்புச் சட்னி, நடுவில் பல்யா எனப்படும் உருளைக்கிழங்கு மசாலா. நம் ஊர் மசால் தோசையில் இல்லாத அந்தச் சிவப்புச் சட்னிதான் பெங்களூரு தோசையின் அடையாளம். வெளிப்புறம் மொறுமொறுப்பாகவும் உட்புறம் பஞ்சாகவும் இருக்கும் அந்தத் தடிமன் சிலருக்குப் பிடிப்பதில்லை. எனக்கு இப்போது மெல்லிய தோசைதான் குறைபாடுள்ளதாகத் தோன்றுகிறது. மென்மையான தோசை வேண்டுபவர்கள் மூன்றாக அடுக்கித் தரும் செட் தோசையை, குருமா போன்ற சாகுவுடன் கேட்கலாம்.

சௌ சௌ பாத் என்ற பெயரைப் பார்த்து, சௌசௌ காய் போட்ட சோறு என்று நம்மவர்கள் நினைப்பதுண்டு. அது ரவையில் செய்த காரா பாத்தையும் கேசரி பாத்தையும் கிண்ணத்தில் அழுத்தி, ஒரே தட்டில் இரண்டு குன்றுகளாகக் கவிழ்த்துத் தருவது. காரத்தில் இரண்டு வாய், இனிப்பில் ஒரு வாய் என்று மாற்றி மாற்றி உண்ண வேண்டும். எனக்கு அதைவிட நெருக்கமானவை மார்கழி, தை மாதங்களில் வரும் உணவுகள். இங்கே அவரேகாயி என்று சொல்லும் மொச்சை அந்தப் பருவத்தில் அரிசி மாவில் செய்யும் அக்கி ரொட்டியிலும் உப்புமாவிலும் சேர்ந்துவிடும். எங்கள் தருமபுரிப் பக்கம் ஊறவைத்துத் தோல் பிதுக்கிச் செய்யும் பிதுக்கம்பருப்புக் குழம்பின் அதே மணம் அது. எல்லை கடந்தும் சுவை மாறவில்லை என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

காபி பற்றி ஒன்றே சொல்ல வேண்டும்: டபரா பெரும்பாலும் கிடையாது. சிறிய கண்ணாடி டம்ளரின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து ஊதி ஊதித்தான் குடிக்க வேண்டும். ஒன் பை டூ என்று கேட்டால் ஒரு காபியை இரண்டு டம்ளர்களில் பங்கிட்டுத் தருவார்கள், அதையும் மனமுவந்து.

குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். பல ஆண்டுகளாக என் மனத்தை உறுத்தியது பிளாஸ்டிக் தாள். நான் வாரம் இருமுறை சென்றுகொண்டிருந்த ஒரு கடையில், துணிக்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்டிக் தாளை இட்லித் தட்டில் விரித்து வேகவைப்பதை ஒரு நாள் அடுக்களைக் கதவு திறந்திருந்தபோது பார்த்தேன். கேட்டதற்கு, துணியைத் துவைக்க ஆள் இல்லை என்றார்கள். அன்றோடு அங்கே இட்லி உண்பதை நிறுத்திவிட்டேன். 2025 பிப்ரவரியில், இட்லி வேகவைப்பதற்குப் பிளாஸ்டிக் தாளைப் பயன்படுத்தக் கூடாது என்று கர்நாடக அரசு அறிவித்தபோது, இத்தனை காலம் எத்தனை பேர் அறியாமல் உண்டிருப்போம் என்ற வருத்தமே மேலோங்கியது. இப்போது புதிய கடைக்குச் சென்றால் முதலில் இட்லியின் அடிப்பாகத்தைப் பார்க்கிறேன். துணியில் வெந்த இட்லியில் இழையின் தடம் தெரியும்.

விலை ஏறியிருக்கிறது. நான் வந்த புதிதில் பத்து ரூபாய்க்குள் குடித்த காபி இப்போது அதைப்போல் இரு மடங்காகிவிட்டது. பாலும் காபித்தூளும் ஏறிய ஏற்றத்தைப் பார்த்தால் கடைக்காரரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 2025 ஜூலையில் யூபிஐ வரவுகளை வைத்துச் சிறு வணிகர்களுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியபோது, நகரின் பல சிறு கடைகள் கியூஆர் அட்டையைக் கழற்றி வைத்தன. அதிலிருந்து சட்டைப்பையில் நூறு ரூபாயாவது ரொக்கமாக வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு மீண்டும் வந்துவிட்டது.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தோன்றும் குறை, மேலே நான் புகழ்ந்த அந்த நிற்றல்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் மூட்டுவலியுடன் ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை, எனக்கு மிகவும் பிடித்த கடைக்கு ஆசையாக அழைத்துச் சென்றேன். மேசை அவருடைய தோளுயரம் இருந்தது. ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அரை இட்லி உண்டுவிட்டு, “ஏன் கண்ணு, நின்னுக்கிட்டே தின்னா உடம்புல ஒட்டுமா?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றுவரை, அந்தக் கடையில் அறுபது வயதைக் கடந்த பெண்கள் மிகக் குறைவாகவே வருகிறார்கள் என்பதை நான் கவனித்ததே இல்லை. ஒரே மேசையில் அதிகாரியும் ஆட்டோ ஓட்டுநரும் பள்ளி மாணவரும் தோளோடு தோள் நின்று உண்பதை எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நிற்க முடியாதவர் அந்த மேசைக்கு வரவே இல்லை என்பதை அம்மாவோடு சென்றபோதுதான் கண்டேன்.

மறுவாரம் கடை உரிமையாளரிடம் நான்கு நாற்காலிகளாவது போடும்படி கேட்டேன். நாற்காலி போட்டால் யாரும் எழமாட்டார்கள், உங்களுக்குச் சூடாக வடை கிடைக்காது என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆயினும் ஒரு மாதம் கழித்து, வாசல் வேப்பமரத்தடியில் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு கல் பலகையைப் போட்டிருந்தார். வயதானவர்களுக்கு மட்டும் என்று கன்னடத்தில் சுவரில் எழுதியும் வைத்திருந்தார். அம்மா அடுத்த முறை வந்தபோது அதில் உட்கார்ந்து சௌ சௌ பாத் முழுவதையும் உண்டார். மேற்கூரை இல்லாததால் மழை நாளில் அந்தப் பலகை பயன்படாது. தகரக் கொட்டகை போட்டுத் தரும்படி இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன்.