எம்.எல்.ஏ. நிதி: கிராமத்துக்கு எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

தமிழ்நாட்டுக் கிராமத் தொகுதியில் போய், பழைய எம்.எல்.ஏ. என்ன செய்தார் என்று கேளுங்கள். நிழற்குடை, ஹைமாஸ் விளக்கு, கலையரங்கம், ரேஷன் கடைக் கட்டடம் என்று கை நீட்டுவார்கள். பெரும்பாலும் எல்லாமே சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் வந்தவை. ஒரு சேவையாக இதை எடை போட்டால், நிலத்தில் வில்லங்கமில்லாத, கட்டி முடித்தால் தீர்ந்துவிடுகிற சின்ன வேலைகளுக்கு இது நல்ல சேவை. கட்டிய பிறகு யாராவது தினமும் நடத்த வேண்டிய வேலை என்றால் இதை நம்பி இறங்கக் கூடாது.

தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். 2017இல் 2 கோடி இரண்டரைக் கோடியானது. 2019-20 முதல் 3 கோடி. கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். எண்பது ஊராட்சி உள்ள தொகுதியில் சமமாகப் பிரித்தால் ஊராட்சிக்கு 4 லட்சம்கூடத் தேறாது. அதனால் ‘எங்கள் ஊருக்கு ஏன் வரவில்லை’ என்ற சண்டை எல்லாத் தொகுதியிலும் உண்டு. இன்னொன்று, இந்தப் பணம் எம்.எல்.ஏ. கைக்கு வருவதே இல்லை. அவர் பரிந்துரைப்பார், நிர்வாக அனுமதி தருவது கலெக்டர், கோப்பு நடப்பது மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில், கிராமப்புற வேலை பெரும்பாலும் ஒன்றிய அலுவலகம் வழியாக நடக்கும்.

ஆக, எம்.எல்.ஏ.வின் லெட்டர்பேடு வாங்கியதும் பட்டாசு வெடிப்பது அவசரம். அதற்குப் பிறகுதான் ஒன்றியப் பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போடுவார். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு என்று வரிசையாகப் போகும். வேலை முடிந்ததும் அளவுப் புத்தகத்தில் ஏற்றிச் சரிபார்த்துப் பில் போடுவார்கள். இதில் அதிகம் சிக்குவது முதல் படியிலேயே: நிலம். மனுவோடு சர்வே எண், அது என்ன வகைப் புறம்போக்கு என்பதற்கு வி.ஏ.ஓ. சான்று, ஊராட்சித் தீர்மான நகல் மூன்றும் இருந்தால் கோப்பு ஓடும். தனியார் நிலம் என்றால் முதலில் ஊராட்சி பெயருக்குத் தானப்பத்திரம் பதிவாக வேண்டும். ‘நிலம் தருகிறேன்’ என்ற வாய்ச்சொல் மதிப்பீட்டு நாளன்று காற்றில் போய்விடும். நெடுஞ்சாலை ஓரம் என்றால் அந்தத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். வழிபாட்டுத் தலத்துக்கு இந்த நிதி கிடையாது. கோயில் இடத்தில் கலையரங்கம் கேட்டு ஆண்டுக்கணக்கில் அலையும் ஊர்கள் இதைப் புரிந்துகொண்டால் நல்லது.

பல ஊர் நிழற்குடைகளைக் கவனித்தால் இந்த நிலச் சிக்கல் தெரியும். பஸ் நிற்பது ஆலமரத்தடியில். நிழற்குடை இருப்பது ஐம்பது மீட்டர் தள்ளி, புறம்போக்கு கிடைத்த இடத்தில். மேற்குப் பார்த்து வைத்திருப்பார்கள். மூன்று மணிக்கு ஸ்டீல் பெஞ்சில் கை வைக்க முடியாது. நெற்றியில் எம்.எல்.ஏ. பெயர் ஓரடி உயரத்தில், ஊர்ப்பெயர் அதற்குக் கீழே பொடியாக. தேர்தல் நேரத்தில் அந்தப் பெயர்மேல் ஒட்டிய காகிதம் பாதி கிழிந்து தொங்கும்.

குடிநீர் வேலையில்தான் பணம் அதிகம் வீணாகிறது. 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி கேட்பார்கள், வரும். ஏற்றுவதற்குத் தண்ணீர்? போர்வெல்லில் தண்ணீர் கிடைக்காவிட்டால் தொட்டி வெறும் தூண். முதலில் நீராதாரம், அடுத்து மோட்டாருக்கு மின் இணைப்பு, தெருக்குழாய், கடைசியில்தான் தொட்டி என்று கேட்க வேண்டும். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஊர் ஏற்கெனவே இருந்தால் தொட்டியைவிட விநியோகக் குழாய்தான் அவசியமாக இருக்கும். ஹைமாஸ் விளக்கும் அப்படியே. கம்பம் எம்.எல்.ஏ. நிதி, கரண்ட் பில்லும் பல்பு மாற்றுவதும் ஊராட்சியின் தலையில். வருமானம் குறைந்த ஊராட்சி நாலில் இரண்டு விளக்கை அணைத்துவைப்பதற்குக் காரணம் இதுதான். ரேஷன் கடைக்குக் கட்டடம் கட்டித் தரலாம், ஆனால் கடை வராது. முழுநேரக் கடையா, பகுதிநேரக் கடையா என்பதைக் கார்டுகளின் எண்ணிக்கை பார்த்துத் துறைதான் முடிவு செய்யும்.

காலமும் முக்கியம். நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலுக்கு முன்பே மனு போய்ச் சேர வேண்டும். பட்டியல் சீக்கிரம் நிரம்பிவிடும். ஐந்தாம் ஆண்டில் இன்னும் ஜாக்கிரதை தேவை. 2016இல் தேர்தல் அறிவிப்பு வந்தது மார்ச் 4. 2021இல் பிப்ரவரி 26. நடத்தை விதி வந்துவிட்டால், உத்தரவு கையில் இருந்தாலும் தரையில் தொடங்காத வேலையைத் தொடங்க முடியாது. தேர்தல் ஆண்டு ஜனவரியில் கொடுத்த மனு அடுத்த எம்.எல்.ஏ.வுக்குக் கொடுத்த மனுதான்.

பெரிய பாலம், கல்லூரி, பாசனத் திட்டம் எதுவும் இந்த 3 கோடிக்குள் அடங்காது. அங்கேதான் ஒரு கிராமத்து எம்.எல்.ஏ.வின் கெட்டிக்காரத்தனம் தெரியும். அத்திக்கடவு-அவிநாசித் திட்டக் கோரிக்கையை 1957இல் முன்வைத்தவர் அன்றைய அவிநாசி எம்.எல்.ஏ. மாரப்ப கவுண்டர். ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி உபரிநீரை ஏற்றும் அந்தத் திட்டம் திறக்கப்பட்டது 2024 ஆகஸ்ட் 17இல்; செலவு 1,900 கோடியைத் தாண்டியது. ஒரு தொகுதியின் மேம்பாட்டு நிதியைச் சேர்த்துவைத்து இதைச் செய்ய அறுநூறு வருஷத்துக்கு மேல் ஆகும். நிழற்குடை எண்ணிக்கையை வைத்து எம்.எல்.ஏ.வுக்கு மார்க் போடுகிறவர்கள் அவர் பேரவையில் என்ன கேட்டார் என்பதையும் பார்க்க வேண்டும்.

2022 ஆகஸ்டில் முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின், 234 எம்.எல்.ஏ.க்களிடமும் தொகுதியில் நீண்டநாள் கிடக்கும் பத்துக் கோரிக்கைகளைக் கலெக்டரிடம் பட்டியலிட்டுத் தரச் சொன்னார். அப்படிப்பட்ட பட்டியலில் சிமெண்ட் ரோடும் கலையரங்கமும் போட்டு இடத்தை அடைத்தால் நஷ்டம் ஊருக்கு. மனு எழுதும்போதே இரண்டையும் பிரித்துவிடுங்கள். நிதியில் முடிகிற வேலைக்குச் சர்வே எண்ணோடு ஒரு தாள். துறை செய்ய வேண்டியதற்குத் துறையின் பெயர் போட்டுத் தனித்தாள். ஒரே தாளில் எழுதினால் சின்னது மட்டும் பட்டியலில் ஏறும், பெரியது ஃபைலுக்குள் படுத்துவிடும்.