சிங்கப்பூர் டெஸ்ட்டா, துபாய் விசாவா? ஒரு வடசென்னைக் கணக்கு

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் ஐடிஐ-யில் வெல்டரோ ஃபிட்டரோ முடித்த பையன்களுக்கு ஒரு பருவம் வரும். மணலி கம்பெனிகளில் கான்ட்ராக்டருக்குக் கீழே ஷட்-டவுன் (ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும்) வேலைக்கு நாலைந்து வருடம் போய்விட்டு, "இப்படியே போனா பேஜாருதான்" என்று பாஸ்போர்ட்டுக்கு மனு போடும் பருவம். அடுத்த வாரமே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஷார்ஜாவில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்த மாமா ஒரு பக்கம், இப்போது சிங்கப்பூர் துவாஸில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர் இன்னொரு பக்கம். இரண்டு பேருமே சம்பளத்தைத்தான் சொல்வார்கள். எவ்வளவு கடனோடு போனார்கள் என்பதை இரண்டு பேரும் சொல்ல மாட்டார்கள்.

முதலில் சம்பளத்தையே பார்ப்போம். சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் கட்டுமானத்துக்கோ கப்பல் பட்டறைக்கோ புதிதாகப் போகிறவருக்கு அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 18, 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். 20 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 26 நாளைக்கு 520. இதில் வாழ்க்கை நடக்காது, ஓவர்டைமில்தான் நடக்கும். அங்கே சட்டப்படி ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு கூலி, மாதத்துக்கு 72 மணி நேரம் உச்சவரம்பு. அதை முழுசாகச் செய்தால் மொத்தம் 800 வெள்ளியைத் தாண்டும். சாப்பாடு, போன் போக 600 வெள்ளி மிஞ்சினால், வெள்ளிக்கு 70 ரூபாய் வீதம் 42,000.

துபாயிலோ அபுதாபியிலோ ஒரு வெல்டருக்கு 1,300 திர்ஹாம் என்று வைப்போம். அதில் அடிப்படை 1,000, மீதி அலவன்ஸ். தங்கும் இடம் பெரும்பாலும் கம்பெனி கேம்ப். மெஸ்ஸுக்குக் கட்டியது போக 1,000 திர்ஹாம் மிஞ்சும். 24 ரூபாய் வீதம் 24,000. ஓவர்டைம் உண்டு. ஆனால் எமிரேட்ஸ் சட்டத்தில் வாரம் 48 மணி நேரம்தான் சாதாரண வேலை, அதற்கு மேல் கால் பங்குதான் கூடுதல்; இரவு பத்து மணிக்கு மேல் போனால் அரைப் பங்கு. அந்தக் கூடுதலும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். அலவன்ஸைப் பெரிதாகவும் அடிப்படையைச் சின்னதாகவும் எழுதும் கம்பெனிகள் ஏன் அப்படி எழுதுகின்றன என்பது இங்கே புரியும்.

42,000-க்கும் 24,000-க்கும் முன்னால் மாமா தோற்றுப்போவார். அக்கா வீட்டுக்காரர் சட்டைக் காலரைத் தூக்கிவிடுவார். பெரும்பாலான வீடுகளில் பேச்சு இங்கேயே முடிந்து, அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது.

கடன் என்கிற நடுவர்

சிங்கப்பூருக்குப் போக முதலில் "டெஸ்ட் அடிக்க" வேண்டும். கட்டுமான வேலைக்கு அந்த நாட்டு அரசு ஏற்றுக்கொள்ளும் திறன் சான்றிதழ் அது. சென்னையைச் சுற்றியே அதற்கான மையங்கள் இருக்கின்றன. மையத்தில் மாதக்கணக்கில் பயிற்சி, டெஸ்ட் கட்டணம், அப்புறம் கம்பெனி பிடித்துத் தரும் ஏஜென்ட், அவருக்குச் சிங்கப்பூரில் ஒரு கூட்டாளி. எல்லாம் சேர்ந்து மூன்று லட்சம், நான்கு லட்சம் என்று பேசுகிறார்கள். சிங்கப்பூர்ச் சட்டம் அந்த ஊர் ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்குவதற்கு வரம்பு வைத்திருக்கிறது: ஒப்பந்த வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம். ஆனால் பணம் கைமாறுவது இங்கே, அதுவும் ரசீது இல்லாமல்.

வளைகுடாவுக்கு நம் நாட்டுச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. உரிமம் பெற்ற ஏஜென்ட் தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். நடைமுறையில் அதற்கு மேலும் கேட்கிறார்கள். காம்கா மெடிக்கல் என்கிற வளைகுடா மருத்துவப் பரிசோதனை, சில நேரம் டிக்கெட் எல்லாம் சேர்த்து 80,000 என்று தாராளமாகவே வைப்போம்.

இப்போது தெரு வட்டி. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். சிங்கப்பூர்க்காரர் 3.5 லட்சம் வாங்கினால் முதல் மாத வட்டியே 10,500. மாதாமாதம் அசலும் சேர்த்து அடைத்து இரண்டு வருடத்தில் முடித்தால், வட்டி மட்டும் சுமார் 1.3 லட்சம். இரண்டு வருடத்தில் மிச்சப்படுத்திய 10 லட்சத்துச் சொச்சத்தில் அசலும் வட்டியும் போக அவர் கையில் நிற்பது ஐந்தே கால் லட்சம். துபாய்க்காரர் இரண்டு வருடத்தில் மிச்சப்படுத்துவது 5.76 லட்சம். எட்டே மாதத்தில் கடன் முடிந்துவிடும். அது போக 4.85 லட்சம். அதோடு எமிரேட்ஸ் சட்டப்படி வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் கிராஜுவிட்டி. இரண்டு வருடத்துக்கு 1,400 திர்ஹாம், 33,600 ரூபாய். கூட்டினால் 5.2 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

மாதச் சம்பளத்தில் அவ்வளவு வித்தியாசம் இருந்தும் முதல் இரண்டு வருடம் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். மூன்றாவது வருடத்திலிருந்துதான் சிங்கப்பூர் தூக்கிக் கொடுக்கும். அப்போது அதற்குப் போட்டியே இல்லை. அங்கே சட்டப்படியான கிராஜுவிட்டி கிடையாது, சேமநிதியும் வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கிடையாது என்பதையெல்லாம் சேர்த்துக் கழித்தாலும் போட்டி இல்லை.

ஆனால் எட்டாவது மாதத்தில் கம்பெனி பெர்மிட்டை ரத்து செய்துவிட்டால்? சிங்கப்பூரில் முதலாளி எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். எட்டு மாதச் சேமிப்பு 3.36 லட்சம். அசலுக்கே பத்தாது. இந்தப் பயத்தை இங்கே நன்றாகத் தெரிந்தவர்கள் வியாசர்பாடியில் இருக்கிறார்கள். 1960-களில் பர்மாவில் கடையையும் வீட்டையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அந்த வீடுகளில் வெளிநாடு பற்றிப் பேசினால் சம்பளத்துக்கு முன்னால் வரும் கேள்வி, "அவன் போன்னா நீ இன்னா பண்ணுவ?" என்பதுதான்.

ஏற்கெனவே கதவைச் சாத்தும் சங்கதிகள்

பலருக்கு இது தேர்ந்தெடுக்கிற விஷயமே இல்லை, தாள்கள் தேர்ந்தெடுத்துவிடும். பத்தாவது பாஸ் ஆகாதவரின் பாஸ்போர்ட்டில் இசிஆர் (குடியேற்றச் சோதனை தேவை) என்று குறித்திருப்பார்கள். அவர் எமிரேட்ஸ், சவுதி, குவைத், கத்தார், ஓமான், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் தாள் வேலை குறைவு, கூடவே பாதுகாப்பும் குறைவு. இசிஆர் வழியாகப் போகிறவருக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம்: இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம். இதைத் தொந்தரவு என்று நினைத்து விசிட் விசாவில் துபாய்க்குப் பறந்து, "அங்க போய் மாத்திக்கலாம்ணா" என்கிற பையன்களைத் திருத்துவது கஷ்டம். அந்த வழியில் போனால் காப்பீடும் இல்லை, பதிவான ஒப்பந்தமும் இல்லை.

அடுத்தது நுரையீரல். வளைகுடா மருத்துவப் பரிசோதனையில் எக்ஸ்-ரேயில் பழைய காசநோய் வடு தெரிந்தாலே 'அன்ஃபிட்'. ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி, கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறவர் என்றாலும் அதே கதிதான். சிங்கப்பூர் பார்ப்பது இப்போது நோய் இருக்கிறதா என்பதை. புகையும் சாம்பலும் அமோனியா வாடையும் பழகிப்போன எண்ணூர், மணலிப் பக்கத்தில் இந்த ஒரு விதியால் துபாய்க் கனவு கலைந்தவர்கள் தெருவுக்கு ஒருத்தராவது இருப்பார்கள். காசு கட்டுவதற்கு முன்னால் ஒரு எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது, கேஸ். இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, ஆனால் நம் பக்கத்தில் பேசியே ஆக வேண்டும். கோயில் திருவிழாத் தகராறில் எஃப்ஐஆரில் பத்தோடு பதினொன்றாகப் பெயர் சேர்ந்திருக்கும். 1967-ஆம் வருட பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு, நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நடந்துகொண்டிருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்க வேண்டும் என்கிறது. அதே நேரம் அந்த நீதிமன்றமே வெளிநாடு போக அனுமதி தந்தால் வாங்கலாம் என்று 1993-ஆம் வருட அறிவிக்கை வழி வைத்திருக்கிறது. இது தெரியாமல் 'கேஸை மறைத்துத் தருகிறேன்' என்பவரிடம் பணத்தைக் கொட்டுகிறார்கள். குவைத்துக்கோ தனியாக போலீஸ் சான்றிதழும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கே, யாரோடு

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. ரயில் நிலையத்தில் தமிழ்ப் பலகை, ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை, சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில், தீபாவளிக்கு அரசு விடுமுறை. பக்கத்து ஊர் போல ஒரு தைரியம் வரும். அந்தத் தைரியத்துக்கு எல்லை உண்டு. 2013 டிசம்பர் 8-ஆம் தேதி லிட்டில் இந்தியாவில் தமிழ்த் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து நடந்த கலவரத்துக்குப் பிறகு, பொது இடத்தில் குடிப்பதற்குக் கடுமையான சட்டம் வந்தது. தொழிலாளிகளை லாரியின் பின்பக்கத்தில் உட்கார வைத்து வேலைக்குக் கூட்டிப்போவதா என்ற விவாதம் அங்கே இன்னும் ஓய்ந்தபாடில்லை. சிங்கப்பூர்த் தமிழரும் டார்மிட்டரியில் (தொழிலாளர் விடுதியில்) தங்கும் தமிழரும் ஒரே கடையில் பரோட்டா சாப்பிடலாம். ஒரே மேஜையில் உட்காருவது அபூர்வம்.

வளைகுடாவில் கேம்ப் வாழ்க்கை. மேஸ்திரியிடம் பேச இந்தி, மெஸ்ஸில் மலையாளம். இங்கே இந்தி என்றால் கொடி பிடிக்கிறவர்கள் ரெண்டு வருடத்தில் அங்கிருந்து சரளமாக இந்தி பேசிக்கொண்டு வந்து இறங்குவதை ராயபுரம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. வெயில் தனிக் கதை. எமிரேட்ஸில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-லிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது என்றாலே மீதி நேரம் எப்படி இருக்கும் என்று யூகிக்கலாம். கேம்ப் நெரிசல் எவ்வளவு ஆபத்து என்பதை 2024 ஜூன் 12-ஆம் தேதி குவைத் மங்காஃப் கட்டடத் தீ காட்டியது. இறந்த ஏறக்குறைய 50 பேரில் பெரும்பாலோர் இந்தியர்கள், தமிழர்களும் இருந்தார்கள்.

குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளலாமா என்றால், வொர்க் பெர்மிட்டில் இருக்கிறவருக்கு சிங்கப்பூர் முடியவே முடியாது என்கிறது. அங்கே குடும்ப பாஸுக்கு மாதம் 6,000 வெள்ளிச் சம்பளம் வேண்டும். எமிரேட்ஸில் 4,000 திர்ஹாம் சம்பளம் வந்துவிட்டால் மனைவி மக்களை வரவழைக்கலாம். ஃபோர்மேன், டெக்னீஷியன் என்று ஏறியவர்கள் அதைச் செய்திருக்கிறார்கள். ஹெல்பருக்கு இரண்டு ஊரும் ஒன்றுதான்.

ஆகவே பணம் இங்கே வரும், ஆள் அங்கே இருப்பார். வந்த பணம் அம்மா கணக்குக்கா, மனைவி கணக்குக்கா? எந்த நாடு என்ற சண்டையை விட இது பெரியது. அம்மா கணக்கு என்றால் தங்கச்சி கல்யாணம், மாடியில் இன்னொரு போர்ஷன். மனைவி கணக்கு என்றால் பிள்ளை ஸ்கூல் ஃபீஸ், சீட்டு. என்னைக் கேட்டால் இரண்டுமே வேண்டாம். கடன் முடியும் வரை கடன்காரனுக்கு நேராக, மீதி போனவர் பெயரிலேயே திறந்த என்ஆர்இ கணக்கில் (வெளிநாட்டில் இருக்கும் இந்தியருக்கான வங்கிக் கணக்கு). அதன் வட்டிக்கு இங்கே வரியும் கிடையாது. வீட்டுச் செலவுக்கு ஒரு தொகையைப் பேசி முடித்து அனுப்பினால் போதும். இதைச் சொன்னதற்கு ஒரு அம்மா என்னோடு இன்னும் பேசுவதில்லை.

இனி யாருக்கு எது. பத்தாவது பாஸ், வெல்டிங் கைவேலை சுத்தம், வயது 25-க்குள், கடனில் பாதிக்கு மேல் தெரு வட்டி இல்லாமல் வீட்டிலேயே புரட்ட முடியும் என்றால் சிங்கப்பூர். பெர்மிட் காலத்துக்கு இருந்த உச்சவரம்பை 2025 ஜூலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வயது வரம்பும் 63 ஆகிவிட்டது. நீண்ட நாள் இருப்பவருக்குத்தான் அது பலன் தரும் என்பதால் இந்த மாற்றம் கணக்கை அவர் பக்கம் சாய்க்கிறது. முழுக் கடனும் மூன்று ரூபாய் வட்டி, தலையில் தங்கச்சி கல்யாணம் என்றால் முதலில் வளைகுடா போய் இரண்டு வருடம் முடித்து, அந்தக் காசில் டெஸ்ட் அடிக்கலாம். சுற்றுவழிதான். ஆனால் எட்டாவது மாதத்தில் திருப்பி அனுப்பினாலும் வளையல் மீண்டு வந்திருக்கும்.

மண்ணடியில் மாடி மாடியாக டிராவல்ஸ் போர்டு தொங்குகிறது. அவற்றில் எதற்கு உரிமம் இருக்கிறது என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது. இடம் குறைவு, காத்திருக்கப் பொறுமை வேண்டும். சிங்கப்பூர் என்றால் ஐபிஏ கடிதம் (பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல்) தமிழிலும் வரும். அதில் அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், தங்குமிடத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள் எல்லாம் எழுதியிருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன 24 வெள்ளி அந்தக் கடிதத்தில் 18 என்று இருந்தால், இரண்டாவது தவணையைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். கடிதம் உண்மையா என்பதை அந்நாட்டு மனிதவள அமைச்சின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம், காசு செலவில்லை.